ஒரு வாளி சக்கை

தாழம்பாறை மடத்துக்கு ஏறி வருகிறவர்களுக்குத் தீர்த்தம் கிடையாது, திருநீறு கிடையாது. காபி உண்டு. சுற்றிலும் காபித் தோட்டம். தோட்டக்காரர்கள் வருஷத்துக்கு நாலைந்து மூட்டை கொட்டையை மடத்து வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். மூச்சு வாங்க மலையேறி வந்தவனிடம் தத்துவம் பேசுவதைவிட ஒரு டம்ளர் காபியை நீட்டுவது மேல் என்று மடத்தைத் தொடங்கியவர் நினைத்தாராம். நல்ல மனுஷன்.

இப்போது மடத்தை நடத்துகிறவர் மங்கையர்க்கரசி. வயது முப்பத்தெட்டு. மலையில் எல்லோருக்கும் அவர் அக்காதான். சீடராக வந்து சேர்ந்த சிகாமணிக்கு வயது அறுபத்தொன்று. அவரும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. முதல் வாரம் அந்த வார்த்தையை அவர் முழுங்கி முழுங்கித்தான் சொன்னார். அக்காவோ முதல் நாளே அவரை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டார். ஆக, இவர் அவரை அக்கா என்பார், அவர் இவரை அண்ணே என்பார். மடத்தில் இதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை, புதிதாக வந்தவர்களைத் தவிர.

சிகாமணி திண்டுக்கல்லில் ஒரு காபிக் கடையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். கொட்டை வறுபடும்போது பக்கத்தில் நின்று, எந்த நொடியில் இறக்க வேண்டும் என்று மூக்கால் சொல்வதுதான் அவர் வேலை. பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது, போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போனது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் வறுக்கிற உருளையின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தெருவில் போனவர்கள் கருகல் நெடி தாங்காமல் உள்ளே ஓடி வந்து அவரை வெளியே இழுத்தார்கள். கடையில் அவரைத் திட்டவில்லை, சால்வை போர்த்தி அனுப்பினார்கள். திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். மாடியில் அவருக்கென்று ஒரு அறை ஒதுக்கி, கட்டில் போட்டு, டிவியும் மாட்டி வைத்திருக்கிறான். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்ப்பா, சும்மா இருந்தாப் போதும்" என்று பாசத்தோடுதான் சொன்னான். அதைக் கேட்டுப் பயந்துபோய்தான் சிகாமணி மலையேறினார்.

மடத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் தங்கலாம். அதற்குமேல் இருக்க ஆசைப்பட்டால் நாற்பத்தெட்டாம் நாள் காலையில் அக்காவிடம் கேட்க வேண்டும். இருங்கள் என்றால் இருக்கலாம், போங்கள் என்றால் போக வேண்டும். காரணம் சொல்கிற வழக்கம் இல்லை.

முதல் நாள் காலை. அக்கா அடுக்களையில் பெரிய பித்தளை ஃபில்டரைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். சிகாமணி வாசற்படியில் நின்றார்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணே."

"சாரம் எல்லாம் இறங்கிப் போன பின்னாடி ஒரு ஆளு எதுக்கு ஆவான்?"

ஃபில்டரிலிருந்து ஈரச் சக்கை மொத்தமாக வாளியில் விழுந்தது. அக்கா வாளியை அவர் பக்கம் தள்ளினார்.

"இதைக் கேட்டுப் பாருங்க."

சிகாமணி வாளியைப் பார்த்தார். முப்பத்து நாலு வருஷம் காபியோடு இருந்தவர், ஒரு நாள்கூடச் சக்கையை நின்று பார்த்ததில்லை. அது கடையின் பின்பக்கம் போகிற சாமான். இப்போது கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். இது அக்கா தனக்கு வைக்கிற பரீட்சை என்று முடிவு கட்டினார். சக்கைக்கு நல்லதாக ஒரு வேலை கண்டுபிடித்துவிட்டால், நாற்பத்தெட்டாம் நாள் அக்கா தன்னை இருக்கச் சொல்லிவிடுவார். அவர் கணக்கு அதுதான்.

மறுநாளே வந்து நின்றார்.

"அக்கா, ரெண்டாம் டிகாக்ஷன் போடலாம். எங்க ஊர்ல எல்லா வீட்லயும் போடுவாங்க. முதல் டிகாக்ஷன் விருந்தாளிக்கு, ரெண்டாவது வேலையாளுக்கு."

"இங்க ரெண்டாவது ஆளுக யாரும் வர்றதில்லையே அண்ணே."

சிகாமணி வாளியோடு திரும்பிப் போனார்.

அடுத்து, பிசுக்குப் பிடித்த வாணலியைச் சக்கை போட்டுத் தேய்த்தார். பளபளவென்று வந்தது. பூண்டு உரித்த சமையல்காரரின் கையைச் சக்கை போட்டுத் தேய்த்துக் கழுவ வைத்தார். வாடை போய்விட்டதா என்று அவர் கையைப் பிடித்து முகர்ந்தும் பார்த்தார், பழக்க தோஷம். பிறகு சமையல்காரரிடமே கேட்டுக்கொண்டார். "போயிருச்சு அண்ணாச்சி" என்றார் அவர்.

இரண்டையும் அக்காவிடம் சொன்னார்.

"நல்லது. அதுவா சொல்லுச்சா?"

"எது?"

"சக்கை."

"அது எப்படி அக்கா சொல்லும்? நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

"அப்ப இன்னும் கேக்கல நீங்க."

வெறி பிடித்தது சிகாமணிக்கு. பழைய வேட்டியைச் சக்கைத் தண்ணீரில் ஊறவைத்தார். அது காவிக்கும் அழுக்குக்கும் நடுவில் ஒரு நிறத்துக்கு வந்தது. அதைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் நடந்தார், யாரும் எதுவும் கேட்கவில்லை. சர்க்கரை டப்பாவைச் சுற்றிச் சக்கையால் கோடு போட்டால் எறும்பு வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தார்.

"எறும்பு வரலையா?" என்றார் அக்கா.

"வந்துச்சு. கோட்டு மேலேயே வரிசையா வந்துச்சு."

அக்கா சிரித்துவிட்டார். சிகாமணியும் சிரித்தார். மலைக்கு வந்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

சக்கையை வறட்டி மாதிரித் தட்டிக் காயவைத்துப் புகை போட்டால் கொசு ஓடும் என்பது அடுத்த யோசனை. ஒரு சாயங்காலம் கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது பற்றவைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக இருமிக்கொண்டு எழுந்து போனார்கள். சிகாமணி மட்டும் நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். வாசலில் அக்கா மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார்.

"கொசு போயிருச்சில்ல அக்கா?"

"கொசுவும் போயிருச்சு அண்ணே, ஆளும் போயிருச்சு."

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் அவரும் புகையும்தான் இருந்தார்கள். கடையில் கொட்டை கருகிய அன்றும் இப்படித்தான், ஊருக்கே தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. வறட்டியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். யார் கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை.

முப்பத்தேழாம் நாள், மடத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஒச்சம்மா அவரிடம் வந்தாள். அவளுடைய கூடப்பிறந்த அக்கா மகளுக்குச் சடங்கு, நாலு நாள் உசிலம்பட்டிக்குப் போக வேண்டும். மேட்டுப்பாத்தியில் மிளகாய் நாற்று விட்டிருந்தாள். மடத்துக்கும், கீழே குடியிருப்பில் இருபத்திரண்டு வீட்டுக்கும் அவள்தான் வருஷாவருஷம் நாற்று கொடுப்பது. ஆடிப் பட்டத்துக்குள் நட்டாக வேண்டும்.

"காலையும் சாயந்தரமும் தண்ணி மட்டும் தெளிச்சு விடுங்கண்ணே. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சிகாமணியிடம் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் போன அன்றைக்கே அவர் பாத்தியின் பக்கத்தில் போய் நின்றார். மண் வெளிறிப்போய்க் கிடந்தது. வாளியில் சக்கை கன்னங்கரேலென்று ஈரமாக இருந்தது. செடிக்கு எது நல்லது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கறுப்பு மண்ணைத்தான் காட்டும். மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த சக்கையை எல்லாம் கொண்டுவந்து நாற்றுக்கு நடுவே கொட்டினார். விரல் கனத்துக்குப் பரப்பினார். பரப்பின பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஃபில்டரில் பொடியைப் போட்டால் மட்டமாக்கி, காம்பு வைத்த ஓட்டைத் தட்டான குடையை வைத்து ஒரு அமுக்கு அமுக்குவார்களே, அந்தக் குடை ஒன்று பழைய சாமானில் கிடந்தது. அதை எடுத்துவந்து, காம்பைப் பிடித்து, ஒரு நாற்றுக்கும் காயம் படாமல் அங்குலம் அங்குலமாக அமுக்கினார். பாத்தி சிமெண்டுத் தரை மாதிரி வழவழவென்று ஆனது. பார்க்க அவருக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

காலையும் சாயங்காலமும் தண்ணீர் தெளித்தார். கறுப்பு பளபளத்தது.

ஐந்தாம் நாள் ஒச்சம்மா வந்தாள். கூடையை இறக்கி வைக்காமலே பாத்தியைப் பார்த்தாள். நாற்று எல்லாம் தலை தொங்கிப் படுத்திருந்தது.

"தண்ணி ஊத்தினீங்களாண்ணே?"

"ரெண்டு வேளையும் ஊத்தினேன், ஒச்சம்மா. ஒரு வேளைகூடத் தப்பல."

"அப்ப எங்க போச்சு?"

அவள் குந்தி உட்கார்ந்து, நகத்தைக் கொடுத்து ஓரத்தைப் பெயர்த்தாள். காய்ந்த சக்கை வறட்டுத் தோசை மாதிரிப் பாளம் பாளமாக வந்தது. அடியில் மண் பொடிப் பொடியாக, சொட்டு ஈரம் இல்லாமல் கிடந்தது.

அவள் சொல்வதற்குமுன் சிகாமணிக்குப் புரிந்துவிட்டது. பொடியை இறுக்கி அமுக்கினால் டிகாக்ஷன் இறங்காது. இதை அவர் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார்.

"இருபத்திரண்டு வீட்டுக்கும் நான் என்னத்தைச் சொல்றது?" என்றாள் ஒச்சம்மா. அவள் கத்தவில்லை. குரல் மட்டும் உடைந்திருந்தது.

பின்னால் அக்கா வந்து நின்றிருந்தார்.

"நீ சொல்ல வேணாம். அண்ணன் போய்ச் சொல்லுவாரு."

சிகாமணி போனார். இருபத்திரண்டு வீட்டு வாசலிலும் நின்று, நாற்றைக் கொன்றது நான்தான் என்று சொன்னார். சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒருத்தர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வீட்டில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, "உங்களுக்கு யாரு சாமி அந்த வேலையச் சொன்னது?" என்று கேட்டாள்.

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னார்.

"நாப்பத்தெட்டாம் நாள் நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல அக்கா. நானே கெளம்பிர்றேன். மகனுக்குச் சொல்லிட்டேன்."

"சரி."

அக்கா தடுப்பார் என்று எதிர்பார்த்தாரா? எதிர்பார்த்தார். அந்தச் சரி அவர் நெஞ்சில் முள்ளாக நின்றது. அதற்குப் பிறகு அவர் வாளிப் பக்கமே போகவில்லை. இலை போட்டால் சாப்பிட்டார், பெருக்கினார், படுத்தார். யாராவது பேசினால் தலையை ஆட்டினார்.

ஒச்சம்மாவுக்குத் துக்கம் கொண்டாட நேரம் இல்லை. அன்றைக்கே சக்கைப் பாளத்தை எல்லாம் சுரண்டி, மூங்கில் புதருக்குப் பின்னால் இருக்கிற குப்பைக் குழியில் தள்ளினாள். காய்ந்த இலையும் மாட்டுச் சாணியும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் தெளித்து, மேலே நனைத்த சாக்கை மூடினாள். பாத்தியைக் கொத்திவிட்டு மறுபடியும் விதை தூவினாள். பிந்தின நாற்றுதான். ஆனாலும் நாற்று.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் சிகாமணி பையோடு அக்கா முன்னால் வந்து நின்றார்.

"வர்றேன் அக்கா."

"ஒச்சம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவ முன்னாடி எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போய் நிக்கிறது?"

"இருக்கிற முகத்தை வச்சுக்கிட்டுத்தான். வாங்க, நானும் வர்றேன்."

ஒச்சம்மா குழிப் பக்கம் இருந்தாள். மலையில் காலைக் குளிர் இன்னும் விடவில்லை. சிகாமணி பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"போய்ட்டு வர்றேன் ஒச்சம்மா. மனசுல வச்சுக்காத."

"போறதுதேன் போறீங்க, இந்தச் சாக்க அந்தப் பக்கம் பிடிச்சுத் தூக்கிட்டுப் போங்க. எனக்கு ஒத்தைக் கை பத்தல."

பையை இறக்கிவிட்டுச் சாக்கின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். குழியிலிருந்து வெள்ளையாக ஏதோ எழும்பியது. சிகாமணி சாக்கைப் போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தார்.

"புகை வருது. தீப் பிடிச்சிருச்சு, தண்ணி கொண்டா ஒச்சம்மா."

"தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆவிண்ணே அது. வேணும்னா மோந்து…" என்று ஆரம்பித்தவள், கூடத்தில் அவர் புகைக்கு நடுவே உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

அக்கா குழியோரம் உட்கார்ந்தார்.

"கையை வச்சுப் பாருங்க அண்ணே."

"இதுக்குள்ளயா?"

"உள்ளேதான்."

சிகாமணி குனிந்து, மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். கையில் இலைத் துணுக்கும் சாணியும் கறுப்புச் சக்கையும் ஒட்டியிருந்தன.

"சுடுது."

"ம்."

"யாரு தீ வச்சா?"

"யாரும் வைக்கலண்ணே" என்றாள் ஒச்சம்மா. "எலை, சாணி, அன்னைக்கு நீங்க அமுக்கி வச்ச சக்கை. ஆறு நாளா மூடிக் கெடக்கு. அம்புட்டுத்தேன்."

"எலை காஞ்ச எலை. சக்கையில என்ன இருக்கு? நான் பிழிஞ்சு பாத்திருக்கேன். ஒண்ணும் இல்ல அதுல."

"ஒண்ணும் இல்லாமத்தேன் கை பொசுங்குதாக்கும்."

சிகாமணி அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. குழியிலிருந்து எழும்புகிற ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியா ஒரு வாளி சக்கையை இப்படி மூடி வச்சாலும் சுடுமா ஒச்சம்மா?"

"தனியாவா? பூசணம் பூத்துக் கட்டியாக் கெடக்கும். சேத்துப் போட்டாத்தேன்."

"எத்தனை நாளைக்கு இந்தச் சூடு?"

"கிண்டி விட்டா ரெண்டு மாசம்கூட வரும். விட்டுட்டா ஆறிப்போகும். வாரத்துக்கு ஒருக்கா அடியில கெடக்கிறத மேல கொண்டு வரணும். அதுக்குத்தேன் ஆளு இல்ல. கிண்டுறப்ப ஒரு வாடை வரும் பாருங்க, நானே முந்தானைய மூக்குல கட்டிக்கிட்டுத்தேன் எறங்குவேன். மத்தவக கிட்டயே வர மாட்டாக."

"எனக்குத்தான் வாடையே தெரியாதே."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வாசனை போன இந்த இரண்டு வருஷத்தில் அவர் அந்த விஷயத்தை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. பெண்டாட்டி இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பார். மகனிடம்கூடக் காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு முடியவில்லை என்றுதான் சொல்லி வைத்திருந்தார். ஒச்சம்மா சாணிக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு, உலர்ந்ததையும் ஈரத்தையும் தனித்தனியாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

கீழே வளைவில் சிகாமணி ஏற வேண்டிய பஸ் வருகிற சத்தம் கேட்டது. மூன்று பேருக்கும் கேட்டது.

சிகாமணி சட்டைக் கையை மடித்துவிட்டார். யாரும் சொல்லாமலே மறுபடியும் குனிந்து, இந்தத் தடவை மெதுவாக, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டார். வறுத்த கொட்டையை அளைந்து பழகின கை, அந்தச் சூட்டைப் பொறுத்துக்கொண்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே விரல்கள் எதையோ தேடுகிறவை போல அசைந்தன.

குனிந்தபடியே கேட்டார்.

"அக்கா, நான் இருக்கட்டுமா, போகட்டுமா?"

அக்கா எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"முதல்ல கையை வெளிய எடுங்க அண்ணே. அப்புறம் கேளுங்க."

சிகாமணி கையை எடுக்கவில்லை.